பெருங்களத்தூர் வண்டியைப் பந்தயத் தகுதியில் வைத்திருப்பது

சோழவரத்தில் பந்தயம் ஓட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்த தலைமுறை ஒன்று சென்னையில் இருக்கிறது. அவர்களில் சிலர் வீட்டில், சேலையூரிலோ முடிச்சூரிலோ, தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் நிற்கிறது. கொஞ்சம் வசதியும் அதிர்ஷ்டமும் உள்ளவரிடம் ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரோ எம்.ஜி.யோ இருக்கும். இந்த அத்தியாயம் அவர்களுக்காகவும், அவர்கள் கையிலிருந்து வண்டியை வாங்கியவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. கண்காட்சியில் நிறுத்திப் பரிசு வாங்கும் பளபளப்பு இங்கே நம் வேலை இல்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பத்துச் சுற்று ஓடி, பத்தாவது சுற்றையும் முதல் சுற்றின் நேரத்துக்குள் முடித்து, சொந்தப் பலத்தில் பிட்டுக்குத் திரும்பும் வண்டியைத்தான் பந்தயத் தகுதியுள்ள வண்டி என்று இந்தப் புத்தகம் சொல்கிறது.

பழைய வண்டிப் பந்தயத்தில் குதிரைத்திறனைத் தேடி அலைபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது சுற்றிலேயே ஆவி பறக்க ஓரம் கட்டுவார்கள். ஐந்து குதிரைத்திறன் குறைவாக இருந்தும் எதுவும் உடையாமல் ஓடுகிறவர் அவர்களைத் தாண்டிப் போய்விடுவார். ஆகவே செலவின் வரிசை இதுதான்: முதலில் உடையக்கூடியவை, அடுத்து சூடாகக்கூடியவை, அதற்கப்புறம் நிறுத்தம், கடைசியில்தான் வேகம்.

ஏன் ஹெரால்டு

தாம்பரத்துக்காரருக்கு ஹெரால்டு அந்நிய வண்டியே இல்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டுறவோடு 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் இருந்தது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு எய்ட், டென், பெனன்ட் என்று வரிசையாக வந்தபின் 1961இல் ஹெரால்டு வந்தது. 1972இல் கெசல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்து, 1988இல் கார் உற்பத்தியே நின்றுபோனது. வண்டிகள் உருண்டு வெளியே வந்த அந்த நிலத்தில் இன்று மென்பொருள் வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

நான்கு பேர் குடும்பத்தோடு போகும் ஒரு காரை விளையாட்டுக் கார் பேச்சில் ஏன் இழுக்கிறோம் என்றால், 1962இல் இங்கிலாந்தில் வெளியான ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் வயிற்றில் பிறந்ததுதான். முன் சஸ்பென்ஷன், பின் அச்சின் அமைப்பு, எஞ்சின் குடும்பம், ஸ்டியரிங் எல்லாம் ஒரே வழி. இரண்டுக்கும் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. ஹெரால்டின் 948 சிசி எஞ்சினைத்தான் 1147 சிசியாகப் பெருக்கி முதல் ஸ்பிட்ஃபயரில் போட்டார்கள். அந்த ஸ்பிட்ஃபயர் 1965இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பெருங்களத்தூர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால் தெரிவது அந்த வண்டியின் உறவுதான். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஹெரால்டுகள் ஃபியட்டோடு மல்லுக்கு நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் கட்டுமானம். ஹெரால்டில் சேஸிஸ் தனி, உடல் தனி. பாகம் பாகமாகப் போல்ட் போட்டுப் பூட்டிய உடல் அது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தரும் நிறுவனம் அந்த நாளில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்குக் கிடைக்காததால் எடுத்த முடிவு. அந்தக் கட்டாயம் நமக்கு வரமாகிவிட்டது. முன்பக்க மூடி முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து திறக்கும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் மூன்றும் ஒரே பார்வையில் கண்ணுக்கு முன் நிற்கும். பிட்டில் வேலை பார்க்க இதைவிட வசதியான பழைய கார் குறைவு.

பின் அச்சு: முதல் பயம், முதல் வேலை

ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பின்பக்கம் வீசும் என்பதைத்தான். அது உண்மை. காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுகப் பூட்டியிருக்கிறது. அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கிராஸ் ஜாயின்ட். அங்கிருந்து சக்கரம் வரை ஒரே தண்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ஜாயின்ட்டை மையமாக வைத்து வில் போட்டு அசையும். டிஃபரன்ஷியலின் தலையில் குறுக்காகப் படுத்திருக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங் இரண்டு சக்கரங்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேர் சாலையில் சுகமான அமைப்பு. வளைவில் நல்ல வேகத்தில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் போகும், பின்பக்கம் மேலே எழும், சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே மடியும். வெளிப்பக்கச் சக்கரம் டயரின் ஓரத்தில் நின்று சேஸிஸைத் தூக்கிவிடும். அதற்கப்புறம் ஓட்டுநர் கையில் எதுவுமில்லை. இந்திய வாங்குபவர்களும் மெக்கானிக்குகளும் இந்த அச்சை விரும்பாததால்தான் கெசலில் நிறுவனம் அதைக் கைவிட்டு ஒரே துண்டான திட அச்சுக்கு மாறியது.

தீர்வுகள் மூன்று. என் பரிந்துரை வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, வண்டி நிற்கும்போதே பின் சக்கரங்களின் தலை உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உட்கார்ந்து, அரை டாங்க் பெட்ரோலோடு அளந்தால் ஒன்றரை முதல் இரண்டரை டிகிரி வரை உள்சாய்வு. பட்டை ஸ்பிரிங்கை இறக்கி வளைப்பதாலோ, ஸ்பிரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையே தடித்த தகடு கொடுப்பதாலோ இதைப் பெறலாம். பட்டை வளைக்க லாரி ஸ்பிரிங் பட்டறைக்குப் போகலாம். மறுபடி சூடேற்றிப் பதம் வைக்கத் தெரிந்த பட்டறையாகப் பாருங்கள். வெறும் சுத்தியலால் தட்டி இறக்கிய பட்டை இரண்டு பந்தயத்தில் பழைய வளைவுக்கே திரும்பிவிடும்.

இரண்டாவது, நல்ல ஷாக் அப்சார்பர். பின்பக்கம் எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதுதான். பின் ஷாக் ஒன்று எண்ணெய் கசியும் நிலையில் உள்ள ஹெரால்டைத் தடத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.

மூன்றாவது, டிரையம்ஃப் நிறுவனமே 1970 வாக்கில் ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் கண்ட வழி. பட்டைகளில் ஒன்றைத் தவிர மற்றவை நடுவில் ஊசலாடும்படி விட்டுவிட்டார்கள். வண்டி சாயும்போது ஸ்பிரிங் எதிர்ப்புக் காட்டாது. ஆகவே பின்பக்கம் தூக்காது. இதை மாட்டினால் முன்பக்கம் தடித்த ஆன்ட்டி ரோல் பாரும் சேர்த்தே மாட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டினால் வண்டி படகாக ஆடும். உங்கள் வண்டியின் ஆண்டுக்கு இந்த மாற்றம் பொருந்துமா என்பதைப் போட்டி விதிகளில் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

கெசலின் திட அச்சைத் தூக்கி ஹெரால்டில் பொருத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஹெரால்டின் அசல் அச்சைக் கட்டி ஆளக் கற்றுக்கொள்வதுதான் இந்த வண்டியை ஓட்டுவதன் கலை. மாற்றினால் வண்டியின் அசல் தன்மையும் போகும், பிறகு சொல்லப்போகும் பதிவுச் சிக்கலும் வரும்.

ஓட்டுமுறையிலும் ஒரு விதி. பிரேக்கை நேர் கோட்டிலேயே முடித்துவிட வேண்டும். வளைவில் நுழைந்தபின் ஆக்சிலரேட்டரில் கால் லேசாகவாவது ஒட்டியே இருக்க வேண்டும். முன்சக்கர இழுவைக் கார்களில் பழகிய இளைஞர்கள் நடு வளைவில் காலை எடுத்து வண்டியைத் திருப்பப் பார்ப்பார்கள். ஹெரால்டில் அந்தப் பழக்கத்தை முதல் நாளே மறக்கவைக்க வேண்டும்.

அச்சுத் தண்டுகளை மறக்காதீர்கள். பந்தய டயரின் பிடிமானத்துக்காக அவை வடிவமைக்கப்படவில்லை. ஒவ்வொரு பந்தய வார இறுதிக்கு முன்பும் கழற்றி, சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் ஊடுருவும் விரிசல் சோதனை செய்யுங்கள். மூன்று டப்பா தெளிப்பான்களோடு வீட்டு ஷெட்டிலேயே செய்யலாம். ஒரு மயிரிழைச் சிவப்புக் கோடு தெரிந்தாலும் அந்தத் தண்டு குப்பைக்கு. பத்திரமாக எடுத்து வைத்தால் அவசரத்தில் மறுபடி மாட்டத் தோன்றும்.

முன் சக்கரத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

பின் அச்சைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆளைக் கொல்லக்கூடியது முன்பக்கம் இருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையிலேயே சுழல்கிறது. ஆங்கிலப் பெயரிலேயே டிரன்னியன் என்று நம் மெக்கானிக்குகளும் சொல்வார்கள். லோட்டஸ் எலான் காரிலும் இதே டிரையம்ஃப் அமைப்புதான்.

இதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் பாக்ஸுக்கு ஊற்றும் கெட்டியான 90 எண்ணெயைத்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. மேலே கட்டிக்கொண்டு எண்ணெய்ப் பாதையையும் அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் தங்கி, மரையின் வேரில் துரு பிடித்து, ஒரு நாள் தண்டு முறியும். முறிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடியும். நம் ஊரில் சர்வீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினால் கிரீஸ் துப்பாக்கியோடு வரும் பையன் கண்ணில் பட்ட எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்துவிடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது; இந்த ஒரு வண்டியின் தனி வழக்கம் அவனுக்குத் தெரியாது. ஆகவே இந்த வேலையை உரிமையாளரே செய்ய வேண்டும். புதிதாக வாங்கிய வண்டியில் முந்தையவர் என்ன அடித்தார் என்று தெரியாவிட்டால் தண்டையும் கட்டையையும் இரு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் நூறு மீட்டர்கூடப் பந்தய வேகத்தில் ஓட்டாதீர்கள். பின்பு ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும், ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்பும் புது எண்ணெய்.

எஞ்சின்

948 சிசி எஞ்சினின் கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங்குகள் மட்டுமே. அதை 6,000 சுற்றுக்கு மேல் தொடர்ந்து விரட்டுவது வீண் செலவு. சமநிலை பார்த்த கிராங்க், எடை ஒத்த பிஸ்டன்களும் கனெக்டிங் ராடுகளும், ஒழுங்காக வெட்டிய வால்வு சீட், இவ்வளவும் இருந்தால் அந்த எஞ்சின் தன் வயதுக்கு அழகாக இழுக்கும். கிண்டி தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் கிராங்க் அரைப்பதும் போர் அடிப்பதும் இன்னும் கைத்தொழிலாக இருக்கிறது. வேலை கொடுக்கும்போது அளவுகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், வாய்ச்சொல்லாக விடாதீர்கள்.

இந்த எஞ்சின் குடும்பத்தின் தீராத நோய் ஒன்று உண்டு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் இரண்டு பிறை வடிவ வாஷர்கள் தேய்ந்து, ஒரு கட்டத்தில் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். அதற்கப்புறம் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைக்கும். சோதனை எளிது. ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்க பெல்ட் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் தள்ளினால் உடனே எண்ணெய்த் தொட்டியை இறக்குங்கள். டயல் கேஜ் வைத்து அளந்தால் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். பந்தயத் தொடக்கத்தில் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி நிற்கும் பழக்கம் இந்த வாஷர்களைத் தின்னும். கொடி இறங்கப்போகும் நேரம் வரை நியூட்ரலில் நில்லுங்கள்.

எண்ணெய் 20டபிள்யூ-50. நவீன எஞ்சின்களுக்கான மெல்லிய எண்ணெய்களில் துத்தநாகச் சேர்மானம் குறைவு. தட்டையான டாப்பெட் உள்ள பழைய எஞ்சினின் கேம் அதில் சீக்கிரம் தேயும். டப்பாவில் பழைய எஞ்சினுக்கென்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள்.

சூடு நம் ஊரின் பெரிய எதிரி. இங்கிலாந்தில் எழுதிய எந்தக் கையேடும் மே மாதத்து ஸ்ரீபெரும்புதூர் வெயிலை மனதில் வைத்து எழுதப்படவில்லை. ரேடியேட்டரை ரசாயனம் ஊற்றிக் கழுவுவதோடு நிற்காமல், மேல் கீழ்த் தொட்டிகளைக் கழற்றிக் குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பழைய குழாய்த் தொகுப்பை எறிந்துவிட்டு, ஒரு வரிசை கூடுதலான புதுத் தொகுப்பைப் பழைய தொட்டிகளுக்கு நடுவே வைப்பது இன்னும் நல்லது. வெளியே பார்த்தால் அசலாகவே தெரியும். காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடாமல் இரு பக்கமும் அட்டையோ தகடோ வைத்து அடையுங்கள். மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது இந்த அடைப்புதான்.

இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் எக்ஸாஸ்ட்டின் மேலேயே வெந்துகொண்டிருக்கும். தடத்தில் ஓடும்போது காற்று காப்பாற்றிவிடும். ஓடிவிட்டு வந்து, அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது மிதவை அறையிலேயே பெட்ரோல் கொதித்து வண்டி கிளம்பாமல் மானத்தை வாங்கும். இரண்டுக்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்று, வரிசையில் நிற்கும்போது முன் மூடியைச் சற்றுத் திறந்து வைப்பது, இவை போதும்.

பங்கில் கிடைக்கும் பெட்ரோல்

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு போய்விட்டது. பழைய எஞ்சினின் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. ஹெட்டைத் திறக்கும் முதல் சந்தர்ப்பத்திலேயே எக்ஸாஸ்ட் பக்கம் கடின எஃகு சீட் போட்டுவிடுங்கள்.

இப்போதைய தலைவலி எத்தனால். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக எல்லா பங்குகளுக்கும் வந்துவிட்டது. 1960களின் ரப்பர் குழாய்களும் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறி மென்மையாகும். கடற்காற்றின் ஈரத்தை எத்தனால் உறிஞ்சும். வாரக்கணக்கில் நின்ற டாங்கின் அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து தங்கும். எரிபொருளுக்கும் காற்றுக்குமான விகிதமும் மாறும். தூய பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் இருபது சதவீதக் கலவைக்கு 13.5 அளவில்தான் வேண்டும். அதாவது பழைய ஜெட்டோடு ஓட்டினால் எஞ்சின் பசியில் எரியும். முழு வேகத்தில் பிஸ்டனின் தலை ஓட்டையாகும். சோலெக்ஸ் கார்புரேட்டரானால் மெயின் ஜெட் பெரிதாக வேண்டும். எஸ்.யூ. ஆனால் ஊசியை மாற்ற வேண்டும். முழு வேக ஓட்டத்தை நடுவில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். சாம்பல் கலந்த பழுப்பு சரி, வெளுத்திருந்தால் ஆபத்து.

100 ஆக்டேன் பெட்ரோல் சில பங்குகளில் கிடைக்கிறது. அதில் எத்தனால் இருக்கிறதா என்பதை விளம்பரத்தை நம்பி முடிவு செய்யாமல் நீங்களே பாருங்கள். அளவுக்கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் உள்ள தண்ணீர் 10 மில்லியிலேயே நின்றால் எத்தனால் இல்லை. 28 மில்லி பக்கம் ஏறினால் அது இருபது சதவீதக் கலவை. பந்தயம் முடிந்த அன்றே டாங்கையும் மிதவை அறையையும் காலி செய்துவிடுங்கள்.

உதிரிபாகம்

இங்கே சென்னைக்காரருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்து நிறுவனங்களோடு சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் பாடியில் நிறுவிய லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா இரண்டும் பிரிட்டிஷ் வடிவ டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பிரேக் சிலிண்டர்களை இங்கேயே செய்தன. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். ஆகவே ஒரு ஹெரால்டின் மின்சாரமும் பிரேக்கும் பாதி சென்னையில் பிறந்தவை. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பழைய சரக்கு இன்னும் அகப்படும். போகும்போது கையில் பழைய பாகமும் வெர்னியரும் கட்டாயம். பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள். பொருளை மேசையில் வைத்தால் உள்ளேயிருந்து ஒரு பெட்டி வரும்.

பிரேக் ரப்பர்களை மட்டும் பழைய சரக்கில் வாங்காதீர்கள். பெட்டியிலேயே இறுகிப்போயிருக்கும். பிரேக் எண்ணெயை ஆண்டுக்கொரு முறை முழுதாக மாற்றுங்கள். நம் காற்றின் ஈரத்தை அதுவும் குடிக்கும், பிறகு சூட்டில் கொதித்துப் பெடல் தரையோடு போகும்.

எம்.ஜி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. எம்.ஜி.ஏ.வின் 1489 சிசி எஞ்சினும் பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஒரே பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பம். கேஸ்கட், டைமிங் செயின், பேரிங், வால்வு வகையறா என்று பலவற்றை அளந்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம். தாம்பரத்தில் அம்பாசிடர் டாக்ஸிகளைப் பார்த்து வளர்ந்த மூத்த மெக்கானிக் ஒருவர் எம்.ஜி.ஏ. எஞ்சினைப் பார்த்ததும் தயங்காமல் கை வைப்பது இதனால்தான். அதற்கு முந்தைய டி.சி., டி.டி. கார்களின் 1250 சிசி எஞ்சின் வேறு குலம். அதற்கு உள்ளூர் உறவு இல்லை. இங்கிலாந்திலிருந்துதான் தருவிக்க வேண்டும், சுங்கவரியையும் கணக்கில் சேர்த்து.

வெள்ளம்

2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் தொடங்கும் முன் வண்டியை மேட்டிலோ, உயரமான ரேம்ப்பிலோ ஏற்றிவிடுங்கள். அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ், எஞ்சின் மூன்றின் எண்ணெயையும் இறக்கி, சக்கர பேரிங்குகளையும் டிரன்னியன்களையும் பிரித்து, பிரேக் டிரம்களைத் திறந்து பார்த்தபின்தான் சாவி. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்குரூடிரைவரால் தட்டிக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் தங்கி, வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்க, நடுவில் இரும்பே இல்லாமல் போயிருக்கும். ரோல் கேஜ் பொருத்துவதானால் அதன் கால்கள் சேஸிஸில் ஊன்ற வேண்டும். தரைத் தகட்டில் ஊன்றிய கேஜ் வண்டி கவிழும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

காகிதமும் களமும்

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு மத்திய அரசு 2021இல் தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி, புதுப்பிக்க 5,000 ரூபாய், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அன்றாடப் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் அந்த வண்டியைப் பயன்படுத்த முடியாது. பெருங்களத்தூரின் எல்லா ஹெரால்டும் இப்போது 50 வயதைத் தாண்டியவை. மாற்றங்களைத் திருப்பிவிடக் கூடியவையாக மட்டுமே செய்யுங்கள். கழற்றிய ஒவ்வொரு அசல் பாகத்தையும் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

பந்தயத்துக்கு இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு தரும் உரிமமும் மருத்துவச் சான்றும் வேண்டும். தடம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. 1953இல் உருவான அந்த கிளப், சோழவரத்தை விட்டு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது: 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாக வெளிவட்டச் சாலையில் ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் போதும். வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள். உடைந்தால் திரும்பி வர வழியிருக்கும்.

சோதனை ஓட்டமும் தடத்திலேயே. இரவில் வெளிவட்டச் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வண்டியை விரட்டிப் பார்ப்பவர்களைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. ஆன்ட்டி ரோல் பார் மாற்றிய ஹெரால்டு சரியாக வளைகிறதா என்று அறிய, வேலை முடிந்து சைக்கிளில் போகும் ஒருவர் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஓட்டுபவர்

வண்டியைப் போலவே உங்கள் உடம்பையும் பிரித்துப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர் நெருப்புத் தாங்கும் உடையோடு மதிய வெயிலில் மூடிய காருக்குள் அரை மணி நேரம் இருப்பது இதயத்துக்குப் பெரிய வேலை. ஆண்டுக்கொரு முறை டிரெட்மில் சோதனை. முந்தின நாளிலிருந்தே தண்ணீரும் உப்பும். ஹெல்மெட்டின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். சோழவரக் காலத்து ஹெல்மெட் அலமாரிக்குத்தான். கண் புரைக்கு அறுவை செய்தவர்கள் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்குங்கள்.

ஒரு நாள் ஸ்டியரிங்கை இளையவரிடம் கொடுக்க வேண்டிவரும். அதைத் தோல்வியாக நினைக்காமல் முன்கூட்டியே திட்டமிடுங்கள். 1949இல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் பொறியியல் படிக்கும் மாணவர்கள் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மூன்று ரயில் நிலையம் தள்ளித்தான் இருக்கிறார்கள். கார்புரேட்டரைக் கையால் தொட்டே பார்த்திராத பிள்ளைகள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைத் திறந்து வைத்தால் வருவார்கள்.

வண்டிக்கு ஒரு குறிப்பேடு போடுங்கள். தேதி, ஓடிய சுற்று, மாற்றிய பாகம், ஜெட் அளவு, டயர் காற்று, பின் சக்கரச் சாய்வு, எண்ணெய் அழுத்தம் எல்லாம் அன்றன்றே ஏறட்டும். பெருங்களத்தூர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் தாம்பரத்தைச் சுற்றியே வாழ்கிறார்கள்; உற்பத்தி நின்றபோது இருபத்தைந்து வயதாக இருந்தவருக்கே இன்று அறுபது தாண்டிவிட்டது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். டிஃபரன்ஷியலில் எத்தனை தகடு வைத்தார்கள், பட்டை ஸ்பிரிங்கை எப்படிப் பதம் பார்த்தார்கள், முன் மூடியின் இடைவெளியை எதை வைத்துச் சரிசெய்தார்கள் என்று கேட்டு அதே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.